கப்பலுக்கு இன்ஷூரன்ஸ் உண்டு, உங்களுக்கு உண்டா?

கப்பல் கண்ணுக்கு எதிரே நிற்கிறது. ஆனால் ஏற முடியவில்லை!

கதை அல்ல, நடந்தது. 2024-ம் ஆண்டு மார்ச் மாதம், 27-ந் தேதி.

ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பால், பூமத்திய ரேகையின் அருகே சாவோ தோமே என்று ஒரு சிறு தீவு இருக்கிறது. "நார்வேஜியன் டான்" என்ற உல்லாசக் கப்பல் அங்கே வந்து நங்கூரம் பாய்ச்சியது. தென் ஆப்பிரிக்காவில் உள்ள கேப்டவுனில் புறப்பட்டு, ஸ்பெயின் நாட்டின் பார்சிலோனாவுக்குப் போகிற கப்பல் அது.

பிரயாணிகள் தீவைச் சுற்றிப் பார்க்க இறங்கினார்கள். எட்டுப் பேர் மட்டும் தனியாக ஒரு வண்டி ஏற்பாடு செய்துகொண்டு போனார்கள். அவர்கள் திரும்பி வரத் தாமதமாகிவிட்டது. ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதம்!

கப்பல் இன்னும் நங்கூரத்தில்தான் நின்றது. கடலோரக் காவல் படையினர் அவர்களைப் படகில் ஏற்றி, கப்பலின் அருகே கொண்டுபோனார்கள். கப்பலின் காப்டன் ஏற்றிக்கொள்ள மறுத்துவிட்டார். நேரம் கடந்தால் கடந்ததுதான்.

கப்பல் போய்விட்டது. எட்டுப் பேரும் கரையில் நின்றார்கள். அவர்களில் முதியவர்கள் இருந்தார்கள். ஒரு கர்ப்பிணியும் இருந்தார். துணிமணிகள் கப்பலில். மருந்து மாத்திரைகள் கப்பலில். பாஸ்போர்ட்டுகளைக் கப்பல்காரர்கள் துறைமுக ஏஜெண்டிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். அது ஒன்றுதான் ஆறுதல்.

அடுத்த துறைமுகத்தில் கப்பலைப் பிடித்துவிடலாம் என்று, பல விமானங்கள் மாறிக் காம்பியா நாட்டுக்குப் போனார்கள். அங்கே கடல் நிலை இடம் தரவில்லை. கப்பல் கரைக்கு வராமலே போய்விட்டது! பிறகு தரை வழியாகச் செனகல் நாட்டின் டாக்கர் துறைமுகத்துக்கு ஓடினார்கள். அதற்குள் ஏப்ரல் பிறந்துவிட்டது. ஒரு தம்பதியின் கார்டு மட்டுமே செல்லுபடியானதால், அவர்களே எல்லோருக்காகவும் 5,000 டாலருக்கு மேல் செலவு செய்தார்கள்.

இன்னொரு சம்பவமும் அதே தீவில் நடந்தது. அதே கப்பலில் வந்த 80 வயது அமெரிக்க மூதாட்டி ஒருவர் உடல்நலம் குன்றி, ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார். அவரையும் விட்டுவிட்டுக் கப்பல் போய்விட்டது. கரையில் தவித்த எட்டுப் பேரில் ஒரு தம்பதிதான் அவருக்கு உதவி செய்து, அவருடைய குடும்பத்தாருக்குத் தகவல் தெரிவித்தார்கள்.

உல்லாசக் கப்பலில் போகிற ஒவ்வொருவரும் நினைவில் வைக்க வேண்டிய செய்தி இது. கப்பல் உங்கள் வீடு போல இருக்கும். ஆனால் அது வீடு அல்ல. நோய் வந்தாலும், நேரம் தவறினாலும், கப்பல் தன் வழியே போய்விடும். நீங்கள் முன்பின் தெரியாத துறைமுகத்தில் நிற்பீர்கள்.

அப்போது கையில் என்ன இருக்கிறது?

நம் ஊரிலிருந்தும்...

"இதெல்லாம் வெள்ளைக்காரர்கள் போகிற பிரயாணம். நமக்கு என்ன?" என்று கேட்கலாம்.

அந்தக் காலம் மலையேறிவிட்டது. 2023-ம் ஆண்டு ஜூன் 5-ந் தேதி சென்னைத் துறைமுகத்திலிருந்தே "எம்ப்ரஸ்" என்ற உல்லாசக் கப்பல் இலங்கைக்குப் புறப்பட்டது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைமுகங்கள் அந்தப் பிரயாணத் திட்டத்தில் இருந்தன. சிங்கப்பூருக்கு விமானத்தில் போய், அங்கிருந்து கப்பலில் பினாங்குக்கும் புக்கெட்டுக்கும் போய்வருகிற குடும்பங்கள் நம் ஊரில் உண்டு. ஐரோப்பாவுக்குப் போய், மத்திய தரைக் கடலில் கப்பல் ஏறுகிறவர்களும் உண்டு.

பிள்ளைகள் வேலைக்குப் போன பிறகு, "அப்பா, அம்மா ஒரு தடவை கப்பலில் போய்வரட்டும்" என்று டிக்கெட் எடுத்துக் கொடுக்கிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் டிக்கெட்டோடு இன்னொரு காகிதமும் வேண்டும். அதுதான் பிரயாண இன்ஷூரன்ஸ்.

யார் கேட்கிறார்கள்?

முதலில், போகிற நாடு கேட்கலாம்.

ஐரோப்பாவில் பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின், கிரீஸ் உள்பட 29 நாடுகள் சேர்ந்து ஒரே விசா கொடுக்கின்றன. அதற்கு "ஷெங்கன் விசா" என்று பெயர். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் அந்த விசா கேட்டால், பிரயாண வைத்திய இன்ஷூரன்ஸ் காட்டியே ஆகவேண்டும். குறைந்தது 30,000 யூரோ தொகைக்கு இருக்க வேண்டும். நம் பணத்தில் ஏறத்தாழ 30 லட்சம் ரூபாய். அவசர வைத்தியம், ஆஸ்பத்திரிச் செலவு, நோயாளியை ஊருக்குத் திருப்பி அனுப்பும் செலவு, உயிர் போய்விட்டால் உடலை அனுப்பும் செலவு எல்லாம் அதில் அடங்க வேண்டும். அந்த 29 நாடுகளிலும், தங்கப்போகிற நாள் முழுவதும் அது செல்ல வேண்டும்.

கியூபா நாடு 2010-ம் ஆண்டு மே மாதம் முதல், வருகிறவர்களிடம் வைத்திய இன்ஷூரன்ஸ் கேட்கிறது.

இரண்டாவதாக, கப்பல் கம்பெனி கேட்கலாம்.

பனி சூழ்ந்த அண்டார்க்டிகாவுக்குப் போகிற பல கப்பல்கள், நோயாளியை அங்கிருந்து வெளியே கொண்டுவரும் செலவுக்கு இன்ஷூரன்ஸ் இல்லாதவரை ஏற்றுவதே இல்லை. பிரிட்டனின் பெரிய கப்பல் கம்பெனிகள் சில, 20 லட்சம் பவுண்டுக்குக் குறையாத வைத்திய இன்ஷூரன்ஸ் வேண்டும் என்கின்றன. நம் பணத்தில் 20 கோடி ரூபாய்க்கு மேல்!

இங்கே சற்று நின்று யோசிக்க வேண்டும். விசா கொடுக்கிறவர் 30,000 யூரோ போதும் என்கிறார். கப்பல் ஓட்டுகிறவர் 20 லட்சம் பவுண்டு வேண்டும் என்கிறார். ஏன் இந்த வித்தியாசம்?

விசா கொடுக்கிறவர் கேட்பது குறைந்தபட்சத் தொகை. கப்பல்காரருக்கோ நடுக்கடலில் ஒருவருக்கு நோய் வந்தால் எவ்வளவு ஆகும் என்று அனுபவத்தில் தெரியும்!

ஆகவே, விசாவுக்காக வாங்கும் பாலிசி வேறு. உயிருக்காக வாங்கும் பாலிசி வேறு. எந்த நாடும் கேட்கவில்லை, எந்தக் கம்பெனியும் கேட்கவில்லை என்றாலும், நம் குடும்பத்துக்காக நாமே கேட்டு வாங்க வேண்டும்.

நடுக்கடலில் நெஞ்சுவலி!

ஒரு குடும்பத்தை உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

அப்பாவுக்கு வயது 66. சர்க்கரை வியாதி உண்டு. அம்மாவுக்கு 60. இருவரும் பார்சிலோனாவில் கப்பல் ஏறுகிறார்கள். மூன்றாம் நாள் இரவு அப்பாவுக்கு நெஞ்சு வலிக்கிறது.

கப்பலில் டாக்டர் இருக்கிறார். நர்ஸ் இருக்கிறார். சிறு ஆஸ்பத்திரியும் இருக்கிறது. முதல் உதவி கிடைக்கும். ஆனால் இலவசம் அல்ல! டாக்டர் பார்த்த கட்டணம், மருந்து, பரிசோதனை எல்லாம் உங்கள் அறைக் கணக்கில் ஏறிவிடும். இறங்குவதற்கு முன் கட்ட வேண்டும்.

பெரிய வைத்தியம் கப்பலில் முடியாது. "கரையில் உள்ள ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்" என்கிறார் டாக்டர். விடிந்ததும் கப்பல் பிரான்ஸ் நாட்டின் மார்செய் துறைமுகத்தை அடைகிறது. ஆம்புலன்ஸ் காத்திருக்கிறது. அப்பாவை இறக்குகிறார்கள். பெட்டிகளையும் இறக்குகிறார்கள். அம்மா கூடவே இறங்குகிறார்.

மாலையில் கப்பல் புறப்பட்டுவிடுகிறது.

பிரெஞ்சு பாஷை தெரியாது. ஆஸ்பத்திரியில் ஏதோ கேட்கிறார்கள். அம்மா எங்கே தங்குவார்? சாப்பாட்டுக்கு என்ன செய்வார்? ஊருக்குத் திரும்ப எடுத்து வைத்திருந்த விமான டிக்கெட் பார்சிலோனாவிலிருந்து அல்லவா?

நல்ல பாலிசி இருந்தால் அம்மா ஒரே ஒரு டெலிபோன் செய்ய வேண்டும். பாலிசியில் 24 மணி நேர உதவி எண் அச்சிட்டிருக்கும். அங்கே இருப்பவர் ஆஸ்பத்திரியோடு பேசுவார். பணத்துக்குப் பொறுப்பேற்பார். உடம்பு தேறியதும், தேவையானால் துணைக்கு ஒரு நர்ஸோடு விமானத்தில் ஊருக்கு அனுப்ப ஏற்பாடு செய்வார்.

பாலிசி இல்லை என்றால்? ஊரில் இருக்கும் மகன் நகையை அடகு வைக்க ஓட வேண்டியதுதான்.

நடக்க முடியாத நோயாளியை வைத்திய வசதியுள்ள தனி விமானத்தில் கடல் தாண்டிக் கொண்டுவருவது சாமானியச் செலவு அல்ல. அது ஒரு லட்சம் டாலரைத் தாண்டுவதும் உண்டு. நம் பணத்தில் 80 லட்சம் ரூபாய்க்கு மேல். ஒரு வீட்டின் விலை!

வீட்டு இன்ஷூரன்ஸ் கடலில் செல்லாது

"எங்களுக்குத்தான் குடும்ப வைத்திய பாலிசி இருக்கிறதே!" என்று சிலர் நினைப்பார்கள். எடுத்துப் படித்துப் பாருங்கள். சாதாரணமாக அவை இந்தியாவுக்குள் செய்யும் வைத்தியத்துக்கு மட்டுமே. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையையும் வெளிநாட்டுத் துறைமுகத்தில் காட்ட முடியாது.

பணக்கார நாட்டாருக்கும் இதே கதைதான். அமெரிக்காவில் 65 வயது தாண்டியவர்களுக்கு "மெடிக்கேர்" என்ற அரசாங்க இன்ஷூரன்ஸ் இருக்கிறது. கப்பலில் வைத்தியம் செய்துகொண்டால், அந்தக் கப்பல் அமெரிக்கத் துறைமுகத்தில் இருக்க வேண்டும்; அல்லது துறைமுகத்திலிருந்து ஆறு மணி நேரத் தூரத்துக்குள் இருக்க வேண்டும். அதற்கு அப்பால் போய்விட்டால் மெடிக்கேர் பணம் தராது. கடல் ஒன்றுதான். ஆறு மணி நேரம் தாண்டினால் சட்டம் வேறு!

காபிக் கடையில் வளர்ந்த தொழில்

இன்ஷூரன்ஸ் என்பதே கடலோடு வளர்ந்த தொழில்தான்.

17-ம் நூற்றாண்டில் லண்டனில் எட்வர்டு லாயிடு என்பவர் ஒரு காபிக் கடை வைத்திருந்தார். 1688-ம் ஆண்டிலேயே அந்தக் கடையைப் பற்றிய குறிப்பு இருக்கிறது. கப்பல் சொந்தக்காரர்களும், வியாபாரிகளும், மாலுமிகளும் அங்கே கூடுவார்கள். எந்தக் கப்பல் வந்தது, எது மூழ்கியது என்று பேசுவார்கள். கப்பலுக்கும் சரக்குக்கும் அங்கேயே இன்ஷூரன்ஸ் பேசி முடிப்பார்கள். உலகப் புகழ் பெற்ற "லாயிட்ஸ்" ஸ்தாபனம் அந்தக் கடையிலிருந்து தோன்றியதுதான்.

மிளகு மூட்டைக்கும் துணி மூட்டைக்கும் இன்ஷூரன்ஸ் வந்து நெடுங்காலம் கழித்துத்தான், பிரயாணம் செய்கிற சாதாரண மனிதனுக்கு வந்தது. 1849-ம் ஆண்டில், ரெயில் பிரயாணிகளுக்கு விபத்து இன்ஷூரன்ஸ் கொடுப்பதற்கென்றே இங்கிலாந்தில் ஒரு கம்பெனி தொடங்கினார்கள்.

இன்றைக்கும் கப்பலுக்கு இன்ஷூரன்ஸ் உண்டு. அதில் ஏற்றும் சரக்குக்கு உண்டு. மனிதன் மட்டும், "நமக்கு ஒன்றும் ஆகாது" என்று கையை வீசிக்கொண்டு ஏறிவிடுகிறான்!

எங்கே ஏமாந்து போகிறோம்?

பாலிசி வாங்கினால் மட்டும் போதாது. படித்து வாங்க வேண்டும். ஆறு இடங்களில் கவனம் வேண்டும்.

ஒன்று: நாடுகளின் பெயர். கப்பல் எந்தெந்த நாட்டைத் தொடுகிறதோ, அந்த நாடுகள் எல்லாம் பாலிசியில் அடங்க வேண்டும். பார்சிலோனாவில் புறப்பட்டு இஸ்தான்புல் போகிற கப்பல் என்று வைத்துக்கொள்ளுங்கள். இஸ்தான்புல் துருக்கியில் இருக்கிறது. துருக்கி அந்த 29 நாடுகளில் சேராது. ஷெங்கன் நாடுகளுக்கு மட்டும் எடுத்த பாலிசி அங்கே உதவாது. அது மட்டுமல்ல. துருக்கிக்குப் போய்விட்டுத் திரும்ப கிரீஸ் நாட்டுக்கு வந்தால், அது இரண்டாம் தடவை நுழைவது ஆகும். ஒரே தடவை நுழையும் விசா போதாது. அமெரிக்கா, கனடா போகிறவர்கள், அந்த நாடுகளையும் சேர்த்த பாலிசிதானா என்று பார்க்க வேண்டும். அவற்றை நீக்கிவிட்டு விற்கும் பாலிசிகள் உண்டு.

இரண்டு: நாள் கணக்கு. கப்பல் நாளை மட்டும் எண்ணாதீர்கள். வீட்டை விட்டுப் புறப்படும் நாள் முதல் வீடு திரும்பும் நாள் வரை எண்ணுங்கள். கூடவே சில நாள் சேர்த்துக்கொள்ளுங்கள். 2020-ம் ஆண்டு பிப்ரவரியில், ஜப்பான் நாட்டின் யோகோகாமா துறைமுகத்தில் "டைமண்ட் பிரின்சஸ்" கப்பலைக் கொரோனா நோய்க்காகத் தடுத்து நிறுத்தினார்கள். அதில் 3,711 பேர் இருந்தார்கள். இந்தியர்கள் 138 பேர். அவர்களில் பெரும்பாலோர் கப்பல் ஊழியர்கள். தமிழகத்தைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். 712 பேருக்கு நோய் தொற்றியது. பிப்ரவரி 4-ந் தேதி முடிய வேண்டிய பிரயாணம். 19-ந் தேதிதான் பிரயாணிகள் கூட்டமாக இறங்கத் தொடங்கினார்கள். 15 நாள் அதிகம்!

மூன்று: பழைய வியாதி. சர்க்கரை, ரத்த அழுத்தம், இருதய நோய் எதுவானாலும் மறைக்காதீர்கள். "சொன்னால் பிரீமியம் ஏறுமே" என்று மறைப்பவர்கள் உண்டு. உண்மையைச் சொன்னால் பிரீமியம் சற்று ஏறலாம். மறைத்தால், பணம் தேவைப்படும் நாளில் கம்பெனி கையை விரித்துவிடும். பல பாலிசிகள், பழைய வியாதியால் உயிருக்கே ஆபத்து வரும் நிலையில் மட்டும்தான் பணம் தருகின்றன. அதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

நான்கு: கொண்டுவரும் செலவு. "ஆஸ்பத்திரிச் செலவு உண்டு" என்பது பாதிதான். கப்பலிலிருந்து ஹெலிகாப்டரில் இறக்கும் செலவும், நாட்டுக்குத் திருப்பி அனுப்பும் செலவும் உண்டா என்று பாருங்கள்.

ஐந்து: விளையாட்டும் குடியும். துறைமுகத்தில் இறங்கி ஆழ்கடலில் முக்குளிப்பது, மலையிலிருந்து கம்பியில் தொங்கிக்கொண்டு வருவது போன்ற சாகசங்களுக்குப் பல பாலிசிகள் பணம் தருவதில்லை. குடிபோதையில் நேர்ந்த விபத்துக்கும் கிடைக்காது.

ஆறு: கப்பல் பிரயாணம் அடங்குமா என்பது. சில பாலிசிகளில் கப்பலுக்கென்று தனிப் பகுதி உண்டு. அதற்குக் கூடுதல் பிரீமியம் கட்ட வேண்டும். துறைமுகம் தவறினால், கப்பல் அறையிலேயே அடைபட்டுக் கிடக்க நேர்ந்தால், அந்தப் பகுதிதான் உதவும்.

சோம்பலுக்கு இன்ஷூரன்ஸ் இல்லை

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும்.

கடைத்தெருவில் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்று கப்பலைத் தவற விட்டால், இன்ஷூரன்ஸ் கம்பெனி பணம் தரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். விமானம் தாமதம், வழியில் விபத்து என்பது போன்ற, நம் கையில் இல்லாத காரணங்களுக்குத்தான் பணம் கிடைக்கும். அதற்கும் அத்தாட்சி காட்ட வேண்டும்.

கப்பல் கம்பெனியே ஏற்பாடு செய்யும் ஊர்சுற்றும் வண்டியில் போனால், அது தாமதமானால் கப்பல் காத்திருப்பது வழக்கம். தனி வண்டியில் போனால் காத்திருக்காது. சாவோ தோமேயில் எட்டுப் பேரும் போனது தனி வண்டிதான்!

கப்பல் கடிகாரமும் கரைக் கடிகாரமும் சில சமயம் வேறுபடும். இறங்கும்போது கப்பல் நேரத்தைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். குறித்த நேரத்துக்கு ஒரு மணி முன்பே திரும்பிவிடுங்கள்.

கைப்பையில் என்ன இருக்க வேண்டும்?

துறைமுகத்தில் இறங்கும் ஒவ்வொரு தடவையும், ஒரு சிறு பையைத் தோளில் மாட்டிக்கொள்ளுங்கள். அதில் இருக்க வேண்டியவை இவை:

பாஸ்போர்ட், விசா ஆகியவற்றின் நகல்.

இன்ஷூரன்ஸ் பாலிசியின் நகல். பாலிசி எண்ணும், உதவி டெலிபோன் எண்ணும் பெரிய எழுத்தில்.

கப்பலின் பெயர், அந்தத் துறைமுகத்தில் கப்பலின் ஏஜெண்ட் பெயர், அவருடைய டெலிபோன் எண்.

இரண்டு நாளைக்கு வேண்டிய மாத்திரைகள். டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு.

கொஞ்சம் ரொக்கப் பணம்.

இவற்றைச் செல்போனில் படம் பிடித்து வைத்தால் மட்டும் போதாது. செல்போன் தண்ணீரில் விழலாம், திருட்டுப் போகலாம். காகிதத்திலும் வைத்துக்கொள்ளுங்கள். ஊரில் இருக்கும் மகனிடமோ மகளிடமோ ஒரு பிரதி கொடுத்துவிட்டுப் போங்கள்.

வைத்தியம் நடந்தால், கொடுக்கும் ரசீது ஒவ்வொன்றையும் பத்திரப்படுத்துங்கள். முடிந்தவரை, ஆஸ்பத்திரியில் சேருவதற்கு முன்பே உதவி எண்ணுக்குச் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் செலவு செய்துவிட்டுப் பிறகு கேட்டால் தகராறு வரலாம்.

நம் நாட்டில் விற்கும் பிரயாண பாலிசியைப் பெரும்பாலும் புறப்படுவதற்கு முன்பே வாங்கிவிட வேண்டும். கப்பல் ஏறிய பிறகு ஞாபகம் வந்தால் பயனில்லை.

அம்மா கேட்க வேண்டிய கேள்வி

நம் வீடுகளில் காகிதம் எல்லாம் அப்பாவின் பொறுப்பு. எந்தக் காகிதம் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று அவருக்கு மட்டும்தான் தெரியும்.

ஆனால் நோய் அப்பாவுக்கே வந்துவிட்டால்? மார்செய் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கப்போவது அம்மா அல்லவா?

ஆகவே கப்பலுக்குப் பெட்டி கட்டும்போது, அம்மா ஒரு கேள்வி கேட்க வேண்டும்.

"ஏங்க, எல்லாம் எடுத்து வைத்துவிட்டோம். அந்த இன்ஷூரன்ஸ் காகிதம் எங்கே? எந்த நம்பருக்குப் பேச வேண்டும்? எனக்குக் காட்டுங்கள்."

அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்த பிறகு பெட்டியைப் பூட்டுங்கள். சந்தோஷமாகக் கப்பல் ஏறுங்கள். கடலைப் பாருங்கள். சூரியன் உதிப்பதைப் பாருங்கள்.

காகிதம் கைப்பையிலேயே இருக்கட்டும். பிரிக்காமலே அது வீடு திரும்பினால், அதைவிட நல்ல சேதி வேறு என்ன!